கவுன்சிலர் கேட்டால் போலீஸ் பதில் சொல்லணுமா? வட அயர்லாந்தின் 'பி.சி.எஸ்.பி' என்ன செய்கிறது?

தெருவிளக்கு எரியவில்லை என்றால் கவுன்சிலருக்கு போன் போடுவோம். அதே இருட்டில் வண்டி திருடு போனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவோம். விளக்குக்கு ஒருத்தர் பொறுப்பு, திருட்டுக்கு இன்னொருத்தர் பொறுப்பு. 'இந்தத் தெருவுல ஏன் ரோந்தே வர்றதில்லை?' என்று இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துக் கேட்க முடியுமா?

பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்தில் அதற்கென்றே சட்டப்படி ஒரு குழு இருக்கிறது. காவல் மற்றும் சமூகப் பாதுகாப்புக் கூட்டமைப்பு என்பது அதன் பெயர். ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து சுருக்கமாக பி.சி.எஸ்.பி என்கிறார்கள். சுமார் 19 லட்சம் மக்கள் வாழும் அந்தப் பகுதியில் 11 உள்ளாட்சி கவுன்சில்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.சி.எஸ்.பி உண்டு. தலைநகர் பெல்ஃபாஸ்ட்டுக்கு மட்டும் கூடுதலாக 4 பகுதிக் குழுக்கள்.

கேட்க சாதாரண கமிட்டி மாதிரி இருக்கும். ஆனால் இதில் உட்கார்ந்ததற்காகவே கொலை மிரட்டல் வாங்கியவர்கள் உண்டு.

ஏன் இப்படி ஒரு குழு தேவைப்பட்டது?

1960களின் இறுதியில் தொடங்கிய மோதலில் வட அயர்லாந்தில் 3,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள். அயர்லாந்து குடியரசோடு இணைய வேண்டும் என்றவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்.

அப்போது இருந்த காவல் படை ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி. மக்கள் தொகையில் கத்தோலிக்கர்கள் சுமார் 40 சதவீதம். ஆனால் 1990களின் இறுதியில் அந்தப் படையில் அவர்கள் சுமார் 8 சதவீதம்தான். விளைவு, கத்தோலிக்கப் பகுதிகளில் போலீஸை 'நம்ம போலீஸ்' என்று யாரும் நினைக்கவில்லை. திருட்டு நடந்தால்கூட புகார் கொடுக்கத் தயங்கினார்கள். மறுபக்கம், அந்தப் படையும் மோதலில் 300க்கும் மேற்பட்ட காவலர்களை இழந்தது.

1998 ஏப்ரல் 10ஆம் தேதி புனித வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. போலீஸை எப்படி மாற்றுவது என்று ஆராய, ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநராக இருந்த கிறிஸ் பேட்டன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. 1999 செப்டம்பரில் அது 175 பரிந்துரைகளைக் கொடுத்தது.

படையின் பெயரை மாற்ற வேண்டும், புதிதாக ஆள் எடுக்கும்போது பாதிக்குப் பாதி கத்தோலிக்கர்களை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது தலைப்புச் செய்தி ஆயின. அதே அறிக்கையில் இன்னொரு யோசனையும் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் கவுன்சிலர்களும் பொதுமக்களும் சேர்ந்து போலீஸிடம் கணக்குக் கேட்க ஒரு குழு வேண்டும் என்பதே அது.

மேஜையில் உட்கார்ந்தவர்கள் கொடுத்த விலை

2001 நவம்பர் 4ஆம் தேதி பழைய படை புதிய பெயருக்கு மாறியது. 2003இல், அப்போது இருந்த 26 கவுன்சில்களிலும் மாவட்டக் காவல் கூட்டமைப்புகள் தொடங்கப்பட்டன.

சமாதானத்தை ஏற்காத ஆயுதக் குழுக்களுக்கு இது பிடிக்கவில்லை. போலீஸோடு உட்கார்ந்து பேசுவதே துரோகம் என்றன. உறுப்பினர்களுக்கு மிரட்டல்கள் வந்தன, சிலர் பதவி விலகினர். 2005 செப்டம்பரில், மாகாண அளவிலான காவல் வாரியத்தின் துணைத் தலைவராக இருந்த டெனிஸ் பிராட்லி, டெர்ரி நகரில் ஒரு மதுக்கடையில் இருந்தபோது பேஸ்பால் மட்டையால் தாக்கப்பட்டார்.

கத்தோலிக்கர்களிடையே செல்வாக்குள்ள சின் ஃபெய்ன் கட்சியும் பல ஆண்டுகள் இந்தக் குழுக்களுக்குள் வரவில்லை. 2007 ஜனவரி 28ஆம் தேதி கட்சியின் சிறப்பு மாநாடு கூடி, போலீஸ் அமைப்பை ஏற்பதாக முடிவெடுத்தது. அதற்குப் பிறகுதான் இரு தரப்புக் கவுன்சிலர்களும் ஒரே மேஜைக்கு வந்தனர்.

இதற்கிடையே, குற்றத் தடுப்புக்கென்று சமூகப் பாதுகாப்புக் குழுக்கள் தனியாக இயங்கி வந்தன. 2011ஆம் ஆண்டு நீதிச் சட்டம் இரண்டையும் ஒன்றாக்கியது. 2012 ஏப்ரல் முதல் பி.சி.எஸ்.பி நடைமுறைக்கு வந்தது. 2015இல் கவுன்சில்களின் எண்ணிக்கை 11 ஆனபோது இவையும் 11 ஆகின.

குழுவில் யார் யார்?

மூன்று தரப்பினர் இருக்கிறார்கள்.

முதல் தரப்பு, கவுன்சிலர்கள். 8 முதல் 10 பேர். கவுன்சிலில் கட்சிகளுக்கு உள்ள பலத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும். தலைவர் பதவி இவர்களில் ஒருவருக்கு.

இரண்டாவது தரப்பு, கட்சி சாராத பொதுமக்கள். கவுன்சிலர்களைவிட ஒருவர் மட்டும் குறைவாக இருப்பார்கள். விண்ணப்பித்தவர்களில் இருந்து காவல் வாரியம் இவர்களை நியமிக்கிறது. துணைத் தலைவர் இவர்களில் இருந்து வருவார்.

மூன்றாவது தரப்பு, 7 அரசு அமைப்புகள். போலீஸ், வீட்டு வசதி, கல்வி, சுகாதாரம், தீயணைப்பு, நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறார் நீதி ஆகிய துறைகளின் பிரதிநிதிகள்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கவுன்சிலர்களும் பொதுமக்களும் மட்டும் சேர்ந்து தனியாக ஒரு காவல் குழுவாக இயங்குவார்கள். போலீஸின் செயல்பாட்டைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. கண்காணிக்கப்படும் போலீஸுக்கு அதில் உறுப்பினர் இடம் கிடையாது.

என்ன கேட்கலாம்?

ஒவ்வொரு பகுதிக்கும் போலீஸ் ஓர் உள்ளூர் காவல் திட்டம் தயாரிக்கிறது. அதைத் தயாரிக்கும்போது காவல் குழுவின் கருத்தைக் கேட்க வேண்டும். பிறகு அந்தத் திட்டப்படி வேலை நடந்ததா என்று குழு கேட்கும். வீடு புகுந்து திருடுவது குறைந்திருக்கிறதா? குடும்ப வன்முறைப் புகார்களுக்கு என்ன நடவடிக்கை? கிராமப்புறத்தில் ஏன் ரோந்து இல்லை? உள்ளூர் காவல் அதிகாரி அறிக்கையோடு வந்து பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்பதோடு வேலை முடிவதில்லை. குற்றம் நடக்காமல் தடுக்கும் சின்னச் சின்ன திட்டங்களையும் பி.சி.எஸ்.பி நடத்துகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் போதைப் பொருட்களையும் பெயர் சொல்லாமல் போட்டுவிட்டுப் போகும் பெட்டிகள், அக்கம்பக்கத்துக் கண்காணிப்புக் குழுக்கள், விவசாயிகளின் டிரெய்லர்களில் திருடினால் கண்டுபிடிக்கும்படி அடையாள எண் பொறிப்பது என்று பட்டியல் நீளும். பணம் நீதித் துறையிடமிருந்தும் காவல் வாரியத்திடமிருந்தும் வருகிறது.

என்ன செய்ய முடியாது?

'இவரைக் கைது செய்', 'அந்த வழக்கை விடு' என்று கவுன்சிலர் உத்தரவு போட முடியாது. அதிகாரிகளை மாற்றவோ நீக்கவோ முடியாது. வழக்கு விசாரணை முழுக்க போலீஸின் பொறுப்பு. படையின் தலைவரான சீஃப் கான்ஸ்டபிள் (பெயரில் கான்ஸ்டபிள் இருந்தாலும் நம்ம ஊர் டிஜிபி மாதிரியான பதவி) 19 பேர் கொண்ட காவல் வாரியத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

போலீஸ்காரர் அடித்தார், அவமானப்படுத்தினார் என்ற புகாரா? அதற்கு 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் போலீஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் தனியாக இருக்கிறது.

இந்தக் கோடு வேண்டுமென்றே போடப்பட்டது. அரசியல்வாதி போலீஸை இயக்கினால் என்ன ஆகும் என்ற பயம் அங்கே எல்லாத் தரப்பிலும் இருந்தது. கவுன்சில்கள் தங்கள் வரியில் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரை செலவழித்து கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்துகொள்ளலாம் என்று பேட்டன் ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பணம் ஆயுதக் குழுக்களின் ஆட்களுக்குப் போய்விடும் என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை. ஆக, கவுன்சிலர் கையில் கேள்வி மட்டும்தான்.

கேள்வி மட்டும் போதுமா?

இங்கேதான் சிக்கல். வட அயர்லாந்துக்கு சுமார் 7,500 காவலர்கள் தேவை என்பது பேட்டன் காலத்துக் கணக்கு. 2020ஆம் ஆண்டு அரசியல் உடன்பாட்டிலும் அதே எண்ணிக்கை உறுதியளிக்கப்பட்டது. ஆனால் 2024இல் இருந்தவர்கள் 6,500க்கும் குறைவு. 'எங்க ஊருக்கு ரோந்து எங்கே?' என்று குழு கேட்டால், 'ஆள் இல்லை' என்பதே பதிலாக வரும். அந்தப் பதிலை மாற்ற பி.சி.எஸ்.பியிடம் பணமும் இல்லை, அதிகாரமும் இல்லை.

அடுத்தது, மேஜையில் யாருக்கு இடம் என்ற கேள்வி. 2025 ஜூனில் பாலிமினா நகரில் கலவரம் வெடித்தது. ஒரு சிறுமி மீதான பாலியல் தாக்குதல் புகாரையொட்டி தொடங்கிய போராட்டம், வெளிநாட்டில் இருந்து குடியேறியவர்களின் வீடுகளைக் கொளுத்துவதில் போய் முடிந்தது. தாங்கள் எந்த நாட்டவர் என்று வாசலில் எழுதி ஒட்டிவைத்து சில குடும்பங்கள் தப்பிக்கப் பார்த்தன. காவலர்கள் பலர் காயமடைந்தனர்.

கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்ற இரண்டு தரப்பை மனதில் வைத்து உருவான அமைப்பு இது. இப்போது அந்த ஊர்களில் பிலிப்பைன்ஸ், ருமேனியா, இந்தியா என்று பல நாட்டவர் வாழ்கிறார்கள். போலீஸ் படையில் சிறுபான்மை இனத்தவர் 1 சதவீதத்துக்கும் குறைவு. குழுவின் உறுப்பினர்கள் முடிந்தவரை அந்த ஊர் மக்களின் பிரதிபலிப்பாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வாசலில் நாட்டின் பெயரை ஒட்டிய குடும்பத்துக்கு அந்த மேஜையில் குரல் கிடைக்குமா என்பதுதான் அடுத்த சோதனை.

தமிழ்நாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. 1843இல் சிந்து பகுதியில் சார்லஸ் நேப்பியர் உருவாக்கிய போலீஸுக்கு முன்மாதிரி, அயர்லாந்தில் பிரிட்டிஷார் நடத்திய காவல் படை. அந்த வடிவம் இந்தியாவின் மற்ற பகுதிகளுக்கும் பரவியது என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். சென்னை மாகாணத்துக்கு 1859இல் வந்த மாவட்டக் காவல் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. மேலிருந்து உத்தரவு வரும், கீழே இருக்கும் ஊருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்பதே அந்தப் பழைய வடிவத்தின் அடிப்படை.

நம் அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணை, நகராட்சிகளிடம் கொடுக்கக்கூடிய 18 பணிகளைச் சொல்கிறது. தெருவிளக்கு அதில் இருக்கிறது. காவல் இல்லை. அது மாநில அரசின் கையில்.

அதே வடிவத்தில் தொடங்கிய வட அயர்லாந்து, பல ஆயிரம் உயிர்களை இழந்த பிறகு, ஊர் மக்கள் போலீஸிடம் நேருக்கு நேர் கேட்கும் ஒரு மேஜையைப் போட்டிருக்கிறது. உத்தரவு போடும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அடுத்த கூட்டத்திலாவது அதிகாரி வந்து பதில் சொல்லியாக வேண்டும்.