வல்வெட்டித்துறையின் விசித்திரப் பட்டங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், பருத்தித்துறைக்கு மேற்கே உள்ள ஊர் வல்வெட்டித்துறை. அங்கே உதயசூரியன் கடற்கரையில் ஆண்டுதோறும் தைப்பொங்கல் நாளில் பட்டப் போட்டி நடக்கிறது. விக்னேஸ்வரா சனசமூக நிலையம் முன்னின்று நடத்தும் இதற்கு 'விசித்திரப் பட்டப் போட்டி' என்று பெயர். போட்டியின் அளவுகோல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. எட்டுமூலை, வௌவால், பிராந்து, பாம்பு என்று குடாநாட்டுப் பிள்ளைகள் வழிவழியாகக் கட்டிவரும் பட்டங்கள் பறப்பதற்கென்றே அமைந்த வடிவங்கள். விசித்திரப் பட்டம் கட்டுபவர் காற்றோடு எந்த உறவும் இல்லாத ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்கிறார். கப்பலோ யானையோ, அதை மூங்கிலிலும் தாளிலும் உருவாக்கி, நூலின் முனையில் வானத்தில் நிறுத்திக் காட்டவேண்டும்.

பட்டம் என்றதும் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூலும் அறுபடும் பட்டமும் நினைவுக்கு வருவது அகமதாபாத்திலும் சென்னையிலும் இயல்பு. குடாநாட்டில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. உயரம், நிலைத்து நிற்றல், பட்டத்தில் பூட்டிய விண் என்ற நாடா வில் கூவும் நாதம், கட்டிய கையின் நேர்த்தி ஆகியவையே இங்கே பேசப்படுபவை. இன்னொருவரின் பட்டத்தை வீழ்த்துவதைவிடத் தன் பட்டத்தை ஏற்றுவது கடினமான கலை. குடாநாடு அந்தக் கடினமானதைத் தேர்ந்துகொண்டது.

தை மாதம் பட்டத்துக்கு வாய்த்ததற்குக் காரணம் வாடைக் காற்று. வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு வருகிறது. மார்கழி கழிந்து தை பிறக்கும்போது மழை ஓய்ந்துவிடும், காற்று ஓய்வதில்லை. வடகரையில் நிற்பவருக்கு அந்தக் காற்று கடலிலிருந்து நேராக வந்து சேர்கிறது. மரமும் மதிலும் கூரையும் காற்றைக் கலைத்துச் சுழிகளாக்கும். சுழியில் சிக்கிய பட்டம் தலைகீழாகக் குத்தும். கடல்மேல் வரும் காற்றுக்கு அந்தத் தடைகள் இல்லாததால் அது ஒரே சீராக வீசுகிறது. பெரிய பட்டம் கட்டுபவருக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது அரிது.

ஊரின் தொழில்மரபையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். வல்வெட்டித்துறை பாய்க்கப்பல் கட்டிய ஊர். இங்கே 1930இல் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற 89 அடிக் கப்பல் ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டு, கடல் கடந்து, 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. கப்பற்பாயும் பட்டமும் ஒரே கேள்விக்கு விடை தேடுபவை. பரந்த ஒரு பரப்பைக் காற்றுக்கு எந்தச் சாய்வில் பிடிப்பது, அந்த இழுவையைக் கயிறுகளில் எப்படிப் பங்கிடுவது என்பதே அந்தக் கேள்வி. அதைத் தலைமுறைகளாகக் கடலில் கேட்டுவந்த ஊர், கரையில் நின்றும் கேட்கிறது.

பட்டம் கட்டும் வேலை சட்டத்தில் தொடங்குகிறது. சிறு பட்டத்துக்கு ஈர்க்கு போதும். பெரியவற்றுக்கு மூங்கிலையோ கமுகஞ் சலாகையையோ சீவி எடுக்கிறார்கள். மூங்கிலின் வலிமை அதன் வெளித்தோலை ஒட்டிய நார்களில் இருப்பதால், உட்புறத்தைச் சீவி எடை குறைத்துத் தோல்பக்கத்தை விட்டுவைப்பது வழக்கம். சீவிய சலாகையை நடுவில் விரல்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் சீவப்படும். இடமும் வலமும் ஒரே எடையில் இருந்தால் போதாது, ஒரே அளவில் வளையவும் வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக வளைந்தால் பட்டம் காற்றில் அந்தப் பக்கமாகச் சரிந்து சுழலும். மூட்டுகளுக்கு ஆணி கூடாது. ஆணி மூங்கிலைப் பிளக்கும். நூலால் வரிந்து கட்டினால், காற்றின் உதறலில் மூட்டு சற்று நெகிழ்ந்து கொடுக்கும், முறியாது.

தட்டையான பட்டத்துக்கு இவ்வளவும் போதும். முப்பரிமாண உருவத்துக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. யானையின் வயிறு காற்றைத் தடுக்கும், ஆனால் தூக்காது. ஆகவே உருவத்தில் எந்தப் பகுதி தூக்குவது, எந்தப் பகுதி வெறும் தோற்றம் என்று முதலில் பிரித்துக்கொள்ளவேண்டும். தூக்கும் பகுதி காற்றுக்குச் சாய்ந்த அகன்ற பரப்பாக அமையவேண்டும். தோற்றத்துக்கான பகுதியில் காற்று நுழைந்து வெளியேறத் திறப்பு இருக்கவேண்டும். இந்த வழியை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் அவுஸ்திரேலியாவின் லோரன்ஸ் ஹார்கிரேவ். 1893இல் அவர் உருவாக்கிய பெட்டிப் பட்டம் இரு முனையும் திறந்த துணிப்பெட்டிகளால் ஆனது. பெட்டியின் கிடைப்பரப்புகள் தூக்கும்; நிலைப்பரப்புகள் பட்டத்தை நேராகப் பிடித்துவைக்கும்; வால் தேவைப்படாது. உருவப் பட்டம் கட்டும் எவரும், அவர் பெயரைக் கேட்டிராவிட்டாலும், யானையின் உடலுக்குள்ளோ கப்பலின் அடிப்பாகத்திலோ ஒரு பெட்டிப் பட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

அளவைப் பெருப்பிப்பது இன்னொரு சோதனை. ஒரு பட்டத்தின் நீள அகலங்களை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். சலாகையின் நீளத்தோடு தடிப்பையும் அகலத்தையும் இரட்டித்தால் சட்டத்தின் எடை எட்டு மடங்காகிவிடும். சிறிய மாதிரி அழகாகப் பறந்தது என்பதற்காக அதை அப்படியே பெருப்பித்துக் கட்டினால், அது மணலைவிட்டு எழும்பாமலே போகலாம். பெரிய பட்டத்தில் சலாகைகளைத் தடிப்பாக்குவதற்குப் பதிலாக, மெல்லிய சலாகைகளை இழுவை நூல்களால் ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குவதே நல்ல வழி. பாய்மரத்தைப் பக்கக் கயிறுகள் தாங்குவதைப் போன்றது இது.

சட்டத்தின்மேல் ரிசுத்தாளோ பிளாஸ்ரிக் தாளோ மெல்லிய துணியோ போர்த்தப்படுகிறது. ரிசுத்தாள் எடை குறைந்தது, நிறம் எடுப்பானது. கடற்கரையின் ஈரத்தில் அது தளர்ந்துவிடும் என்பதுதான் குறை.

கட்டி முடித்த பட்டம் பறக்குமா என்பதைத் தீர்மானிப்பது முச்சை. பட்டத்தையும் ஏற்றும் நூலையும் இணைக்கும் இந்தக் கட்டில் பொதுவாக மேலே இரண்டு, கீழே ஒன்று என்று மூன்று நூல்கள் ஒரு முடிச்சில் சந்திக்கும். அந்த முடிச்சு எங்கே நிற்கிறது என்பதுதான் பட்டம் காற்றுக்குக் காட்டும் சாய்வு. முடிச்சை மேல்நோக்கி நகர்த்தினால் பட்டம் காற்றோடு படிந்து, இழுவை குறைந்து, உயரம் தேடிப் போகும். அளவு மீறினால் முகம் கவிழ்ந்து குத்தும். கீழ்நோக்கி நகர்த்தினால் பட்டம் காற்றை முழு மார்பிலும் வாங்கி நூலை வலுவாக இழுக்கும், ஆனால் ஏறாது. சரியான இடத்துக்கும் தவறான இடத்துக்கும் இடையே சில வேளை ஒரு விரற்கடை தூரமே. அன்றைய காற்று பலத்ததா மென்மையா என்பதைப் பார்த்தே முடிச்சு இறுகவேண்டும் என்பதால், வீட்டில் கட்டிய முச்சை கடற்கரையில் மாறுவது வழக்கம். வாரக்கணக்கான உழைப்பு மணலில் இருந்து செய்யும் இந்தச் சில நிமிட வேலையில் பலிக்கிறது, அல்லது பாழாகிறது. உருவப் பட்டத்துக்கு மூன்று நூல் போதாமல் பல நூல்கள் தேவைப்படும்போது இந்தக் கடினம் பல மடங்காகும். குடாநாட்டுப் பட்டக் கலையின் உச்சம் முச்சைதான். பார்வையாளர் கண்ணுக்கு அது படுவதேயில்லை.

காதுக்கு எட்டுவது விண். வில்லாக வளைத்த சலாகையின் இரு முனைகளுக்கும் இடையே பனைமட்டை நாரையோ, பொதி கட்டும் பிளாஸ்ரிக் நாடாவையோ இறுக்கிக் கட்டிப் பட்டத்தின் தலைப்பக்கத்தில் பூட்டுவார்கள். தட்டையான நாடாவைக் காற்று கடக்கும்போது அது முறுக்கி முறுக்கித் துடிக்கும். அந்தத் துடிப்பே கூவலாகிறது. நாடா நீண்டும் அகன்றும் இருந்தால் ஒலி தடிக்கும். குறுகி இறுகினால் மெலிந்து உயரும். மலேசியாவின் 'வாவ்' பட்டங்களிலும் இதே போன்ற வில் உண்டு. மார்கழி, தை இரவுகளில் பட்டத்தை ஏற்றி நூலை மரத்தில் கட்டிவிட்டு, விண் கூவுவதைக் கேட்டபடி உறங்குவது குடாநாட்டின் பழைய வழக்கம். காற்று தணிந்தால் கூவல் தாழும். ஊர் உறங்கும்போதும் பட்டத்தின் நிலையைக் காது சொல்லிவிடும். இப்போது மின்விளக்குப் பூட்டிய பட்டங்களும் இரவில் ஏறுகின்றன.

பெரிய பட்டத்தை ஏற்றுவதற்கு ஒரு குழு தேவை. ஏன் என்பதற்குக் கணக்கு உண்டு. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று, தன்னை நேராக எதிர்க்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறத்தாழ 4 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையைத் தருகிறது. வேகம் பாதியானால் விசை கால்வாசியாகும்; இரட்டித்தால் நான்கு மடங்காகும். 10 சதுர மீற்றர்ப் பட்டம் ஒன்று அந்தக் காற்றில் 40 கிலோ அளவுக்கு இழுக்கும். திடீரென்று ஒரு வீச்சு வந்து வேகம் இரட்டித்தால் 160 கிலோ. இதை ஒருவர் பிடித்து நிற்க முடியாது. பட்டத்தைத் தூக்கிப் பிடிக்கச் சிலரும், கயிற்றில் பலருமாக நின்று, ஒரே குரலில் விடவேண்டும், ஒரே குரலில் நிறுத்தவேண்டும்.

2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பகுதியில் நடந்தது இந்தக் கணக்கின் உண்மை வடிவம். பெரிய பட்டம் ஒன்றைக் குழுவாக ஏற்றிக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பற்றியிருந்த ஓர் இளைஞர் 30 அடிக்கு மேல் தூக்கிச் செல்லப்பட்டார். பட்டம் தாழ்ந்த வேளையில் கீழே விழுந்து உயிர் தப்பினார். அந்தக் காணொளி உலகெங்கும் பரவியது. பட்டம் மனிதரைத் தூக்குவது புதிதல்ல: 1894 நவம்பர் 12ஆம் நாள் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைத் தொடுத்து 16 அடி உயரம் எழுந்தார். அவர் எழுந்தது திட்டமிட்டு. பட்டங்களைத் தரையோடு பிணைத்திருந்தார். பெரிய பட்டத்தின் கயிற்றை ஏற்றுவதற்கு முன்பே ஆழப் புதைத்த கட்டையிலோ கனத்த வாகனத்திலோ கட்டிவிட்டால், கையில் பிடிப்பவர் எந்தக் கணத்திலும் விட்டுவிலகலாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது ஒருபோதும் கூடாது. மின்கம்பிகளுக்கு அருகே பட்டம் ஏற்றக்கூடாது. ஈர நூல் மின்சாரத்தைக் கடத்தும். வீதிக்குக் குறுக்கே தொங்கும் அறுந்த தங்கூசி என்ற நைலோன் நூல் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்தை வெட்டும். பறந்த நூல் முழுவதையும் சுற்றி எடுப்பதும் பட்டம் விடுபவரின் பொறுப்பே.

போட்டி முடிந்த பட்டங்கள் நெடுநாள் நிலைப்பதில்லை. தாள் கிழியும், சலாகை அடுத்த ஆண்டுப் பட்டத்துக்குப் போகும். இன்ன உருவத்துக்கு இத்தனை முச்சை நூல், இன்ன இடத்தில் முடிச்சு என்ற அறிவு, கட்டியவரின் கையோடு நின்றுவிடக்கூடாது. ஒவ்வொரு குழுவும் தன் பட்டத்தின் அளவுகள், எடை, முச்சையின் நீளங்கள், பறந்த நாளின் காற்று ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்து, படத்தோடு ஊர் வாசிகசாலையில் வைக்கவேண்டும். விழுந்த பட்டங்களின் அளவுகளும் அதில் இருக்கட்டும்.