உடல் ஏன் கொழுப்பைச் சேமிக்கிறது?

சோற்றிலிருந்து வரும் சர்க்கரையில் மிஞ்சியதை அப்படியே வைத்துக்கொள்ளாமல், உடல் ஏன் கொழுப்பாக்கி இடுப்பில் கட்டிவைக்கிறது? காரணம், எடை. ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோ கலோரி தரும்; கொழுப்பு 9 தரும். கொழுப்பின் நீண்ட கார்பன் சங்கிலி முழுக்க ஹைட்ரஜன், ஆக்சிஜன் மிகக் குறைவு. சர்க்கரை மூலக்கூறோ ஆக்சிஜனை நிறையச் சுமந்திருப்பதால் பாதி எரிந்த விறகு மாதிரி. போதாததற்கு, கல்லீரலிலும் தசையிலும் சர்க்கரையின் சேமிப்பு வடிவமாகச் சேரும் கிளைக்கோஜன் தன் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரையும் பிடித்துவைக்கிறது. கொழுப்புக்குத் தண்ணீர் ஆகாது. அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இறங்காமல் பறக்கும் பட்டைவால் மூக்கன் புறப்படும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்புதான். அதே ஆற்றலைக் கிளைக்கோஜனாகச் சுமந்தால் அந்தப் பறவை தரையைவிட்டே எழும்பாது.

அப்படியானால் கிளைக்கோஜன் எதற்கு என்று கேட்கலாம். அவசரத்துக்கு. பேருந்தைப் பிடிக்க ஓடும் தசை ஆக்சிஜன் போதுமான அளவு வரும்வரை காத்திருக்காது. ஆக்சிஜன் இல்லாமலும் குளுக்கோஸிலிருந்து ஆற்றல் எடுக்கலாம், கொழுப்பிலிருந்து முடியாது. மூளைக்கும் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ்தான். கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்றும் வழி நம் உடலில் அநேகமாக இல்லை. இன்னொரு மறுப்பு: எடைதான் கணக்கென்றால், காற்றிலும் பறவையிலும் பயணம் போகும் விதைகள் எல்லாம் எண்ணெயாக அல்லவா இருக்க வேண்டும்? எள்ளும் நிலக்கடலையும் அப்படித்தான், நெல் அப்படியில்லை. விதைகளில் இந்த விதி கறாராக நிற்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இருந்த இடத்தைவிட்டு நகராத கிழங்குகளிலோ நன்றாகவே நிற்கிறது. மரவள்ளியிலும் உருளையிலும் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை.