உங்களுக்குத் தெரியுமா? ஒரே மடி, மாறும் பால்

தேவாரம் ஊர்ப் பக்கம் மாடு கன்று போட்டால் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஒரு சொம்பு சீம்பால் போகும். கருப்பட்டியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு வேகவைத்தால், உறை ஊற்றாமலே கட்டியாகிவிடும். வழக்கமான பசும்பாலில் புரதம் 3.2 முதல் 3.5 சதவீதம்தான், முதல் கறவைச் சீம்பாலிலோ சுமார் 14 சதவீதம். அதில் பெரும்பங்கு நோய் எதிர்ப்புப் புரதம். சூடு பட்டதும் இறுகிக்கொள்வது அதுதான். பாலின் இன்னொரு புரதமான கேசீன் அப்படியல்ல, கொதித்தாலும் திரியாது.

நோய் எதிர்ப்புப் புரதம் பசுவின் நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகாது. சீம்பால் ஒன்றே வழி. அந்தப் புரதத்தை அப்படியே உறிஞ்சும் திறனும் கன்றின் குடலுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம்தான். மணிக்கு மணி அது குறையும். "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்" என்று காத்திருப்பது கன்றுக்குச் செய்யும் கெடுதல். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் ஊட்டிவிடுங்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது கன்று குடித்த பிறகு இருக்கட்டும்.

 

நாலைந்து நாளில் சீம்பால் சாதாரணப் பாலாகிவிடும்.

கறவையின் கடைசி மாதங்களில் புரதம் மறுபடி ஏறும். ஆனால் ரத்தத்திலிருந்து வரும் பிளாஸ்மின் என்ற நொதி கேசீனை உடைப்பதும் அப்போது கூடும். அதனால் அந்தப் பாலில் சீஸ் செய்தால் கட்டி இறுகாது.

தாய்ப்பாலும் மாறும். பிரசவமான புதிதில் அதில் கேசீன் மிகக் குறைவு. மாதங்கள் போகப் போக ஊநீர்ப் புரதமும் (பால் திரிந்தால் பிரியும் நீரில் இருப்பது) கேசீனும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகும்.

பசு அதிகமாகக் கறப்பது ஈன்ற இரண்டாம் மாதத்தை ஒட்டி. புரதம் மிகக் குறைவாக இருப்பதும் அப்போதுதான். புரதம் குறைந்தால் கொழுப்பு அல்லாத இதர சத்து குறையும். லாக்டோமீட்டரில் டிகிரி இறங்கும். பால் சொசைட்டியில் விலையும் இறங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதவருக்கும் இது நேரும். அந்த நாட்களில் வெறும் வைக்கோலோடு நிறுத்தாமல் பசும்புல்லும் மக்காச்சோள மாவும் சேர்த்துக் கொடுத்தால் சத்து ஓரளவு தேறும். பால் அளப்பவர்களே, டிகிரி குறைந்தால் உடனே சந்தேகப்படாதீர்கள். மாடு ஈன்று எத்தனை நாளாயிற்று என்று முதலில் கேளுங்கள்.