கோழியும் வேணும், தோட்டமும் வேணும்... எந்தச் செடி தாக்குப்பிடிக்கும்?

காலையில கூண்டைத் திறந்துவிட்டா, சாயங்காலத்துக்குள்ள கீரைப்பாத்தி காலி! நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் வழக்கமான புலம்பல் இது. அதற்காகக் கோழியை நாள் முழுக்க அடைத்து வைக்க வேண்டியதில்லை. எந்தச் செடியை, எந்த வயதில், எப்படி நடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கு.

கொத்துவதைவிட சீய்ப்பதுதான் ஆபத்து

புழு, பூச்சி, விதைகளைத் தேடிக் காலால் மண்ணைச் சீய்ப்பது கோழியின் இயல்பு. உடம்பில் உள்ள பேனை உதற, காய்ந்த மண்ணில் குழி பறித்துப் புரளவும் செய்யும். இலை போனால் மறுபடி துளிர்க்கும். வேர் வெளியே வந்துட்டா செடி அவ்வளவுதான். அதனால் செடி வாங்கும்போது முதலில் வேரையும் தண்டையும் பாருங்க.

எவை தாங்கும்?

* மரங்கள்: முருங்கை, வாழை, கொய்யா, எலுமிச்சை, நன்கு வளர்ந்த கறிவேப்பிலை. இலைகள் கோழிக்கு எட்டாது, நிழலும் கிடைக்கும்.
* வாசனைச் செடிகள்: துளசி, கற்பூரவள்ளி, நொச்சி. காரமான வாசனை இருப்பதால் பெரும்பாலும் கோழிகள் சீண்டாது.
* தூர் கட்டி வளர்பவை: எலுமிச்சைப் புல், வெட்டிவேர். வேர் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எவை தாங்காது?

அரைக்கீரை, சிறுகீரை, கொத்தமல்லி, தக்காளி நாற்று, புதுசா முளைத்த எதுவும். இவற்றை மாடியிலோ, வலை போட்ட பாத்தியிலோ வளர்ப்பதே நல்லது. நாட்டுக்கோழி நன்றாகவே பறக்கும் என்பதால் இடுப்பளவு வேலி போதாது. மேலேயும் வலை தேவை.

எவை வேண்டவே வேண்டாம்?

அரளியின் எல்லாப் பாகங்களிலும் விஷம் உண்டு. ஆமணக்கு விதையும் அப்படித்தான். கோழி இவற்றைப் பொதுவாகத் தவிர்க்கும். ஆனால், வேறு பசுமை இல்லாத கோடையில் கொத்திப் பார்க்க வாய்ப்பிருக்கு. ரிஸ்க் எடுக்க வேண்டாம்.

இதையும் செய்யுங்க

* நாற்றை நேரடியாகத் தரையில் நடாமல், க்ரோ பேக்கில் வளர்த்து, தண்டு முற்றிய பிறகு நடுங்க.
* செடியைச் சுற்றி ஓர் அடிக்குக் கருங்கல் அல்லது செங்கல் துண்டுகளைப் பரப்புங்க. சீய்க்க முடியாது, ஈரமும் காயாது.
* ஒரு மூலையில் மணலும் சாம்பலும் கலந்து கொட்டி வைத்தால், கோழிகள் புரள அங்கே போக வாய்ப்பு அதிகம்.
* பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிட்டால் சேதம் குறையும். இருட்டியதும் அவையே கூண்டுக்குத் திரும்பிடும்.
* பூச்சிமருந்து அடித்த தோட்டத்தில் கோழியை விடாதீங்க. அந்த விஷம் முட்டை வழியாக நம்ம தட்டுக்கே வரலாம்.

கோழி எச்சத்தில் தழைச்சத்து அதிகம். ஆனால், பச்சையாகப் போட்டால் செடி கருகிவிடும். நன்கு மக்கவைத்துப் போட்டால், இதே கோழிகள்தான் உங்க தோட்டத்துக்கு உரம் தரும்.