ப்ளஸ் டூ-வில் பிசிக்ஸ் படிக்கலையா? காலேஜ் திறக்கும் முன் இந்த 4 பாடங்களை முடிச்சிடுங்க!

கடலூர்ல சிதம்பரம் பஸ் ஏறி உட்கார்ந்தாச்சு. இன்ஜினீயரிங் சீட்டும் கிடைச்சாச்சு. ஆனா, மனசுக்குள்ள ஒரு உதறல். 'நான் தொழிற்கல்வி குரூப்பாச்சே... பிசிக்ஸ் புக்கையே தொட்டதில்லையே!'

இந்த உதறல் உங்களுக்கு மட்டும் இல்லை. தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் தொழிற்கல்வி மாணவர்களுக்குத் தனி வழி உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றில் ஒன்றோடு தொழிற்பாடங்களைப் படித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். அதனால, கணக்கு மட்டும் படிச்சுட்டு உள்ளே வர்றவங்களும் இருக்காங்க.

ஆனா, காலேஜ் நமக்காகக் காத்திருக்காது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தைப் பாருங்க. அதுல முதல் செமஸ்டரிலேயே 'பொறியியல் இயற்பியல்' இருந்துச்சு. இயந்திரவியல், மின்காந்த அலைகள், ஒளியியல், லேசர், குவான்டம் எல்லாம் அதுக்குள்ள வந்துச்சு. வீட்டின் முதல் பட்டதாரியாகப் போற ஒருத்தருக்கு, முதல் அரியரே 'நமக்கு இது சரிப்படாது'ன்னு தோண வெச்சிடும். அந்த நினைப்பு வராம பார்த்துக்கத்தான் இந்தத் தயாரிப்பு.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடுங்க

நீங்க ஜீரோவுல இருந்து ஆரம்பிக்கலை. சமச்சீர் பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் 6 பாடங்களும் இயற்பியல்தான்: இயக்க விதிகள், ஒளியியல், வெப்பம், மின்னோட்டம், ஒலியியல், அணுக்கரு. இதையெல்லாம் படிச்சு பாஸானவர்தான் நீங்க. முதல் வாரம் இதைத் திரும்பப் படிச்சாலே பாதி பயம் போயிடும்.

22-ல் எது முக்கியம்?

ப்ளஸ் ஒன்னில் 11, ப்ளஸ் டூ-வில் 11 என மொத்தம் 22 அலகுகள். எல்லாத்தையும் ஒரே மூச்சுல முடிக்கப் பார்த்தா, மூணாவது நாளே புத்தகத்தை மூடிடுவீங்க.

ப்ளஸ் ஒன் முதல் தொகுதியின் முதல் 4 அலகுகளை மட்டும் எடுங்க: அளவீட்டியல், இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன். இதுல 2-வது அலகை அவசரமா தாண்டாதீங்க. வெக்டர், வகையிடல், தொகையிடல் அடிப்படை எல்லாம் அங்கேதான் இருக்கு. காலேஜ் பிசிக்ஸ்ல நிறைய பேர் தடுக்கி விழறது இந்தக் கணக்குலதான்.

நேரம் மிச்சமிருந்தா, ப்ளஸ் ஒன் கடைசி 2 அலகுகளான அலைவுகள், அலைகள். அதுக்கப்புறம் ப்ளஸ் டூ-வில் மின்காந்த அலைகள். மத்ததை செமஸ்டர் போகப் போகப் பார்த்துக்கலாம்.

நம்ம ஊரே லேப்தான்

கடலூர் டு சிதம்பரம் சுமார் 45 கி.மீ. பஸ் ஒன்றரை மணி நேரம் எடுக்குதுன்னு வைங்க. சராசரி வேகம் மணிக்கு 30 கி.மீ. அதை 1,000-ஆல் பெருக்கி 3,600-ஆல் வகுத்தா, நொடிக்கு சுமார் 8.3 மீட்டர். அலகு மாற்றம் முடிஞ்சது. சாயங்காலம் அதே பஸ்ல வீட்டுக்கு வந்துட்டீங்களா? நீங்க கடந்த தூரம் 90 கி.மீ, ஆனா, இடப்பெயர்ச்சி பூஜ்யம்!

சிதம்பரம் தேரோட்டம் பார்த்திருப்பீங்க. நிற்கிற தேரை அசைக்க ஊரே சேர்ந்து இழுக்கணும். ஓடற தேரை நிறுத்த முட்டுக்கட்டை போடணும். நிற்பது நிற்கவே பார்க்கும், ஓடுவது ஓடவே பார்க்கும். இதுதான் நிலைமம், நியூட்டனின் முதல் விதி. பிச்சாவரத்துல துடுப்பு தண்ணியைப் பின்னால தள்ள, தண்ணி படகை முன்னால தள்ளுதே, அது மூன்றாம் விதி. சில்வர் பீச்சுல அலை உடையற இடத்தைத் தாண்டி மிதக்கிற பொருளைக் கவனிங்க. அலை கரைக்கு வந்துட்டே இருக்கும். அது பெரும்பாலும் அதே இடத்துல ஏறி இறங்கும். அலை சுமந்துட்டு வர்றது ஆற்றலை.

தமிழ் மீடியமா?

ஒரே பாடநூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவச பி.டி.எஃப்-ஆகக் கிடைக்குது. ரெண்டையும் டவுன்லோடு பண்ணி, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. திசைவேகம்னா வெலாசிட்டி, முடுக்கம்னா ஆக்ஸிலரேஷன், உந்தம்னா மொமென்டம். ஒரு நோட்டுல இப்படி எழுதிட்டே வாங்க. காலேஜ்ல இந்த வார்த்தைகள் காதுல விழும்போது, 'அட, இதானா!'ன்னு இருக்கும்.

வீடியோ மட்டும் போதாது

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருக்கும். பேனா எடுத்தாத்தான் கை எங்கே நிக்குதுன்னு தெரியும். தினமும் 2 எடுத்துக்காட்டுக் கணக்கை, விடையை மறைச்சு வெச்சுட்டு நீங்களே போடுங்க. அதிகம் வேண்டாம், ஒரு நாளும் விடாதீங்க.

முதல் வாரத்துலயே பிசிக்ஸ் ஆசிரியர்கிட்ட, "சார், நான் ப்ளஸ் டூ-வில் பிசிக்ஸ் படிக்கலை. எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்?"னு கேட்டுடுங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. செமஸ்டர் கடைசியில கேட்கிறதைவிட, முதல் வாரத்துல கேட்கிறது ரொம்பச் சுலபம்.