தலைப்பிரட்டையின் நீச்சலும் நரம்பணுக்களின் மின்னியக்கமும்

தவளையின் இளம்பருவமாகிய தலைப்பிரட்டை, மூளையின் தொழிலை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுவதாகும். ஆப்பிரிக்க நகத்தவளையின் இரண்டு நாட் பருவத்துக் குஞ்சு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமே உடையது. எனினும் தொட்ட அளவில் நீந்த வல்லது. அந்நீச்சலை நடத்துவன சில வகை நரம்பணுக்களே. நியூரான் என்பதனையே ஈண்டு நரம்பணு என்கின்றோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆலன் இராபர்ட்சும் அவர்தம் குழுவினரும் இவ்வணுக்களை நெடுங்காலம் ஆராய்ந்தனர்.

இவற்றின் மின்னியக்கத்தைப் பதிவு செய்யும் முறையை முதற்கண் காண்போம். நீந்தும் உடலில் நுண்குழலைப் பொருத்தி நிறுத்தல் அரிது. ஆதலின், கட்டுவிரியன் இனப் பாம்பொன்றின் நஞ்சினின்று பிரித்த புரதத்தைக் கொண்டு, தசைகள் நரம்பின் ஏவலை ஏலாவாறு செய்வர். உடல் அசையாது, ஆயினும் மூளையும் தண்டுவடமும் நீச்சலுக்குரிய ஏவல்களை விடுத்த வண்ணமே இருக்கும். பின்னர், ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலமுள்ள கண்ணாடி நுண்குழலின் முனையை அணுவின் சவ்வில் வைத்து, மெல்ல உறிஞ்சி, இறுகப் பற்றுமாறு செய்வர். இம்முறைக்கு 1976-இல் அடிகோலிய எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் ஆகிய இருவரும் 1991-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

ஓய்ந்திருக்கும் அணுவின் உட்புறம், வெளிப்புறத்தை நோக்க, ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிவோல்ட் வரை எதிர்மின்னழுத்தம் உடையது. நீச்சலின்போது இடமும் வலமும் நொடிக்கு 10 முதல் 25 முறை வரை மாறிமாறி இயங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அணு பெரும்பாலும் ஒரு துடிப்பே எழுப்பும். எதிர்ப்புறம் துடிக்கும் வேளையில், கிளைசின் என்னும் பொருளால் விளையும் அடக்கல் பதிவிற் காணப்படும்.

இவ்வடக்கலின் பயன் யாது? இருபுறமும் ஒருங்கே இயங்காவாறு முறைப்படுத்துதலே என்பது நெடுநாள் நிலவிய கொள்கை. தண்டுவடத்தின் இரு பாதிகளைப் பிரித்த பின்னும் ஒரு பாதி தாளத்துடன் இயங்கியமை அதற்குச் சான்றாயிற்று. 2013-இல் மோல்ட், காட்ரெல், லீ ஆகியோர் இதனை மறுத்தனர். ஒருபுறத்து அணுக்களை விரைந்து ஓயச் செய்தவிடத்து மறுபுறமும் உடனே ஓய்ந்தது. மருந்தால் அடக்கலைத் தடுத்தபோது, தாளம் மீள ஏறத்தாழ 23 நிமிடம் ஆயிற்று. எனவே, முன்னையோர் கண்ட தாளம், இழப்பிற்குப் பின் நரம்பமைப்பு தன்னைத் திருத்திக்கொண்டதன் விளைவாதல் கூடும். இயல்பான நீச்சலில் தாளம் பிறத்தற்கும் அடக்கல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். ஓர் உறுப்பினை நீக்கி அதன் தொழிலை உணர முயலுங்கால், நீக்கிய பின் கழிந்த காலத்தையும் கருதுதல் இன்றியமையாதது என்பது எம் கருத்து.