பொறுமையும் பேச்சும்: உள்ளக் காயம் ஆறும் வழி

2004 டிசம்பர் 26 காலை வங்கக் கடல் பொங்கியெழுந்து, தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டு சென்றது. திருவொற்றியூர்க் கரையோரக் குப்பங்களும் அதற்குத் தப்பவில்லை. சில வாரங்கள் கழித்து நிவாரணப் பொருள்களுடன் நாம் அங்குச் சென்றபோது, பிள்ளையைப் பறிகொடுத்த மீனவர் ஒருவர் அன்றைய காலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். "அதை நினைக்காதீர்கள் அண்ணே, பொறுமையாக இருங்கள்" என்று இடைமறித்தோம். அவர் தலையசைத்து மௌனமானார். ஆறு மாதம் கழித்துச் சென்றபோதும் அவர் கடலுக்குப் போகவில்லை. அலையோசை கேட்டால் உறக்கமில்லை என்றனர் வீட்டார். ஆறுதல் கூறியதாக நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் அவர் திறந்த கதவைச் சாத்தியிருந்தோம்.

பேரிடருக்குப் பின் சில வாரங்கள் கண்ணீரும் உறக்கமின்மையும் இயல்பே. உறவும் தொழிலும் வழிபாடும் துணைநிற்கப் பெரும்பாலோர் மீண்டுவிடுகின்றனர். ஆனால் ஒரு மாதம் கடந்தும் அந்நிகழ்வு கனவிலும் நனவிலும் இப்போதே நடப்பதுபோல் தோன்றுமானால், அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் ஒருவர் விலக்கிக்கொண்டே போவாரானால், அது ஈமானின் குறையன்று. மருத்துவம் வேண்டும் நிலை. விலக்குதல் அந்நேரத்திற்கு நிம்மதி தரும். ஆனால் 'கடலை நெருங்கினால் அழிவு', 'நானே கைநழுவ விட்டேன்' என்னும் எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பை அது பறித்துவிடும்.

பேச்சுவழிச் சிகிச்சை இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. பயிற்சி பெற்றவர் துணையுடன் நோயாளி நிகழ்ந்ததை முதலிலிருந்து முடிவுவரை சொல்கிறார். அஞ்சி விலக்கியவற்றைப் படிப்படியாக அணுகுகிறார். தம் குற்ற உணர்வைச் சான்றுகளோடு எடைபோடுகிறார். அவ்வளவு விரைந்து வந்த நீரை எவர் கை தடுத்திருக்கும் என்பதை நாம் சொல்வதைவிட அவரே கண்டறிவதில்தான் பயனுண்டு. இதற்குப் பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் போதும். நினைவு அழிவதில்லை, அது கடந்த காலமாகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் இத்தகைய முறைகளைப் பரிந்துரைத்தது.

இது மேலைநாட்டுச் சரக்கு என்று ஐயுறுவோர் உண்டு. ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ தம் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடல்நலத்திற்கு ஒரு பகுதியும் உள்ளத்தின் நலத்திற்கு மற்றொரு பகுதியும் ஒதுக்கினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றை வகைப்படுத்தி, எண்ணத்தை எண்ணத்தால் திருத்தும் வழிகளைக் கூறினார். உடல் நலமாயிருக்கும்போதே மருந்தைச் சேர்த்து வைப்பதுபோல, உள்ளம் அமைதியாயிருக்கும்போதே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னவர் அவர்.

சிகிச்சையின் பயனைச் சோதித்தறியவும் இயலும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், மனச்சோர்வுற்ற கருவுற்ற பெண்களுக்கு ஊர்ச் சுகாதாரப் பெண் பணியாளர்களே எண்ணங்களைச் சீர்செய்யும் உரையாடலை நடத்தினர். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அவர்களுள் 23 விழுக்காட்டினரிடமே மனச்சோர்வு நீடித்தது. அவ்வுரையாடல் இன்றி வழக்கமான வருகையை மட்டும் பெற்ற ஊர்களில் அது 53 விழுக்காடு. 2008இல் வெளியான இவ்வாய்வு, எளிய பணியாளரும் முறையாகப் பயின்றால் குணமளிக்க இயலும் என்று காட்டியது.

எனினும் எல்லாப் பேச்சும் மருந்தன்று. பேரிடர் நேர்ந்த உடனே துருவித் துருவிக் கேட்டு, ஒரே அமர்வில் அனைத்தையும் கொட்டச் செய்வது பயன் தரவில்லை என்பதும் ஆய்வின் முடிவே. முதல் நாள்களில் உணவும் பாதுகாப்பும் உறவினரின் அருகாமையுமே தேவை, அவராகப் பேசினால் செவிகொடுக்க வேண்டும், பேசாவிடில் வற்புறுத்தலாகாது.

யூசுஃபைப் பிரிந்த யஃகூப் (அலை) அழுதழுது பார்வை இழந்ததைத் திருமறை கூறுகிறது. அவரைப் பொறுமையற்றவர் என்று நாம் கூறுவதில்லை. ஸப்ர் என்பது வாயடைத்தல் அன்று. ஆகவே துயருற்றோர் நாடிவரும் இமாம்களும் ஜமாஅத்தாரும் முதலில் கேட்கப் பழக வேண்டும். துஆச் செய்து, துயர் நீடித்தால் மருத்துவரிடம் அனுப்பவும் வேண்டும். வடசென்னையினருக்கு அரசு ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவு அருகிலுண்டு. 2022இல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே அழைக்கலாம். அன்று அந்த மீனவரிடம் நாம் சொல்லத் தவறியது ஒன்றே: "சொல்லுங்கள் அண்ணே, கேட்கிறோம்."